பக்கத்து மனையில் 16 வீடுகள் வருகின்றன: எங்கள் கிணறு என்னவாகும்?

கேள்வி: பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் தெரு. கடல் சுமார் 400 மீட்டர் தொலைவு. பத்து வருடங்களுக்கு முன் 22 தனி வீடுகள் இருந்தன. அவற்றில் ஐந்து இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. இப்போது எங்களை ஒட்டியுள்ள மூன்று கிரவுண்ட் மனையில் பேஸ்மென்ட் பார்க்கிங்குடன் 16 வீடுகள் வரப்போவதாகச் சொல்கிறார்கள். எங்கள் 18 அடி உறைகிணற்றில் டிடிஎஸ் (ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) மூன்றே கோடைகளில் 480-லிருந்து 1,900-க்கு ஏறிவிட்டது. தினம் காலையும் மாலையும் கழிவுநீர் லாரி வந்து நிற்கிறது. முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணியில் மணல் குடித்துவிடும். இப்போது முழங்கால் அளவு நிற்கிறது. தெருவில் சிலர் வழக்குப் போடலாம் என்கிறார்கள். ஆனால் நாங்களே இரண்டு வருடத்தில் வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்கு, அதாவது பில்டரோடு சேர்ந்து அடுக்குமாடியாக்க, கொடுக்க நினைக்கிறோம். எந்த முகத்தோடு எதிர்ப்பது? என்ன செய்யலாம்?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், பாலவாக்கம்

பதில்:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வீடுகள் கூடுவதைத் தடுக்க உங்களால் முடியாது; தடுக்கவும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் வேலை தேடி வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும். ஆனால் மணலுக்குள் போகும் தண்ணீருக்கும் மணலிலிருந்து எடுக்கும் தண்ணீருக்கும் கணக்குக் கேட்கிற உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. பக்கத்து பில்டரிடம் கேட்பதையே நாளை உங்கள் பில்டரிடமும் எழுதி வாங்குவீர்கள் என்றால், இப்போது கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

முதலில் அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம். மூன்று கிரவுண்ட் என்பது 7,200 சதுர அடி, ஏறக்குறைய 669 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், அந்த மனையில் விழுவது 9.36 லட்சம் லிட்டர். அங்கே இருந்த தனி வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவுப்படி ஆண்டுக்கு 2.46 லட்சம் லிட்டர். தோட்டமும் திறந்த மணலுமாக இருந்ததால் மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கியது. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம். இனி 16 வீடுகள், வீட்டுக்கு நாலு பேர், மொத்தம் 64 பேர். நாளுக்கு 8,640 லிட்டர், ஆண்டுக்கு 31.5 லட்சம் லிட்டர். மழையில் ஒரு சொட்டு வீணாகாமல் பிடித்தாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பழைய வீட்டில் குளித்த, துவைத்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போய் மறுபடி மணலில் இறங்கியது. இப்போது அத்தனையும் செப்டிக் டேங்கில் சேர்ந்து லாரியில் ஏறித் தெருவை விட்டே போய்விடுகிறது. உங்கள் தெருவில் தினம் வரும் அந்த லாரி கழிவை மட்டும் ஏற்றிப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தே ஏற்றிப் போகிறது.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் சற்றே கனமானது. நல்ல தண்ணீர் 1 என்றால் அது 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும். அந்த ஒரு மீட்டரில் அரை மீட்டரை நாம் உறிஞ்சிவிட்டால், அடியில் உப்புநீர் 20 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். அடியில் களிமண்ணோ பாறையோ இருந்தால் கணக்கு சற்று மாறும், திசை மாறாது. இப்படிப் புகுந்த உப்பு ஒரு மழைக்காலத்தில் வெளியேறாது. வடசென்னையைத் தாண்டி மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. அதைப் பின்னுக்குத் தள்ள இன்றுவரை பாடுபடுகிறார்கள்.

உங்கள் கிணற்றுக்கு வருவோம். கடல்நீரின் டிடிஎஸ் சுமார் 35,000. நூறு லிட்டர் கிணற்று நீரில் நாலே லிட்டர் கடல்நீர் கலந்தால் 480 என்பது 1,900 ஆகிவிடும். ஆனால் அது கடல்தான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். செப்டிக் டேங்க் கசிவும் டிடிஎஸ்ஸை ஏற்றும். இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் நீர்ப்பரப்பிலிருந்து அரை அடிக்குள் தண்ணீர் எடுங்கள். மற்றதைக் கயிற்றில் கட்டி, ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி, மூடியை இன்னொரு நூலால் இழுத்துத் திறக்கிற மாதிரி செய்து, அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிரப்புங்கள். மோட்டார் குறைந்தது ஆறு மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு, விடியற்காலையில் எடுப்பது நல்லது. அடித்தண்ணீரில் உப்பு தெளிவாக அதிகமிருந்தால் கடல் கீழிருந்து ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். மேலும் கீழும் ஒன்றுபோல இருந்தாலோ, மேலே மோசமாக இருந்தாலோ, பக்கத்துக் கழிவுத் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

பிறகு பரிசோதனைக் கூடத்தில் குளோரைடு, நைட்ரேட், பைகார்பனேட், கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் மட்டும் பார்த்துவிட்டு வருவதால் பயனில்லை. கடல்நீரின் உப்பில் பாதிக்கு மேல் குளோரைடுதான். ஆகவே உங்கள் கிணற்றில் குளோரைடு 800 மில்லிகிராமைத் தொட்டு, பைகார்பனேட் அதோடு ஒப்பிடக் குறைவாக இருந்தால் கடல். குளோரைடு அந்த அளவுக்கு ஏறாமல், நைட்ரேட் குடிநீர் வரம்பான 45-ஐத் தாண்டி, கோலிஃபார்மும் இருந்தால் சாக்கடை. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உங்கள் பகுதியில் சாத்தியம்தான். முடிவு தெரிகிற வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும்; உப்பும் நைட்ரேட்டும் போகாது.

தெருவில் பத்து கிணறுகளாவது சேர்ந்து இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதி, தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, டிடிஎஸ் எவ்வளவு என்று வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம் எழுதி வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனாவும் கல் கட்டிய டேப்பும் போதும். அந்த மனையில் கடப்பாரை விழுவதற்கு முன்பே இந்த நோட்டு தொடங்கியிருக்க வேண்டும். நாளை எந்த அதிகாரியிடம், எந்தத் தீர்ப்பாயத்தில் பேசினாலும், "முன்பு நன்றாக இருந்தது" என்ற வாய்ச்சொல்லைவிட இந்த நோட்டின் பக்கங்களுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது அந்த 16 வீடுகள். "சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமதி வரைபடத்தைப் பார்த்தீர்களா? மனை 500 சதுர மீட்டரைத் தாண்டுவதாலும் வீடுகள் எட்டுக்கு மேல் இருப்பதாலும் இந்தத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அங்கே அனுமதி எண்ணும் வரைபடமும் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணல்பட்டையைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாம் முழுமைத் திட்டம் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியாகக் குறித்து, கட்டடப் பரப்புக்கும் உயரத்துக்கும் தனி வரம்பு வைத்தது. அந்த மனையின் சர்வே எண் அதற்குள் வருகிறதா, இன்றைய தேதியில் அங்கே என்ன எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) அனுமதி என்பதைச் சிஎம்டிஏ-விடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமை மனு போதும். நகரத்தில் மற்ற இடங்களில் கிடைக்கிற எஃப்எஸ்ஐயை இங்கேயும் கிடைக்கும் என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் (சிஆர்இசட்). உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் பொங்கும்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் வருவதால் அந்த அனுமதியும் தேவை. சிஆர்இசட் அறிவிக்கை 2011-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. எந்த வரைபடத்தின் அடிப்படையில் அனுமதி தரப்பட்டது என்பதைக் கேட்டு வாங்குங்கள். 2011 அறிவிக்கையில் ஒரு பிரிவு உங்கள் தெருவுக்கு மிக முக்கியம்: 200 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில் நிலத்தடி நீரைச் சாதாரணக் கிணற்றிலிருந்து, மனித உழைப்பால், குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்பிடி ஆகியவற்றுக்கு மட்டும், அதுவும் வேறு நீராதாரம் இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது அது. 16 வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைப்பது இதற்குள் எங்கே அடங்கும் என்று கேட்கலாம். உங்கள் கிணற்று மோட்டாருக்கும் இதே கேள்வி வரும். அதை மறைக்காமல், தெரு முழுவதும் இறைப்பைக் குறைக்கும் ஒரு திட்டத்தோடு போங்கள். சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-இன்படி புதிதாகக் கிணறு தோண்டவே அனுமதி வாங்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது பேஸ்மென்ட். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இந்த ஒரு சொல்தான். மணலில் பத்து, பன்னிரண்டு அடி தோண்டினால் நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடுவார்கள். கான்கிரீட் போட்டு முடிகிற வரை வாரக்கணக்கில் இரவு பகலாக இறைத்தாக வேண்டும். மணிக்கு 30,000 லிட்டர் தள்ளுகிற ஒரு மோட்டார் ஒரு நாளில் 7.2 லட்சம் லிட்டரை வெளியேற்றும். அந்த மனையில் ஓர் ஆண்டு முழுக்க விழும் மழை 9.36 லட்சம் என்று பார்த்தோம். அது ஒன்றேகால் நாளில் காலி. அதன் பிறகு இறைப்பதெல்லாம் சுற்றியுள்ள உங்கள் வீடுகளுக்குக் கீழேயிருந்து வருவது. பெரும்பாலும் அது மழைநீர் வடிகாலில் விடப்பட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது.

பாதிப்பு கிணற்றோடு நிற்காது. தண்ணீரோடு நுண்மணலும் வந்தால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் கீழ் மணல் தளர்ந்து சுவர் விரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இறைத்து வெளியே விடும் தண்ணீரை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் விரலால் வழித்தெடுக்கிற அளவுக்கு மணல் படிந்தால், இறைக்கும் குழாயைச் சுற்றி வடிகட்டி சரியாக இல்லை; உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். தினமும் அதே வாளியில், தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பேஸ்மென்ட் வேண்டாம், ஸ்டில்ட் பார்க்கிங்காக (தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தம்) மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதலில் நேரில் பேசிப் பாருங்கள். பில்டருக்கும் இதில் லாபம் இருக்கிறது: இறைப்புச் செலவு இல்லை, வாட்டர்ப்ரூஃபிங் செலவு இல்லை, ஒவ்வொரு ஐப்பசியிலும் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தது என்று வாங்கியவர்கள் தொலைபேசியில் அழைக்கமாட்டார்கள். அவர் மறுத்தால், குழியைச் சுற்றி நீர் புகாத தடுப்புச் சுவரை முதலில் இறக்கிவிட்டு உள்ளேயுள்ள நீரை மட்டும் இறைப்பது, இறைத்ததைத் தெளிய வைத்து மனையின் ஓரங்களில் உறைகள் இறக்கி மறுபடி மணலுக்குள்ளேயே விடுவது, இந்த இரண்டையும் நிபந்தனையாகக் கேளுங்கள். வேலை தொடங்குமுன் பக்கத்து வீடுகளின் சுவர், கூரை, காம்பவுண்டு எல்லாவற்றையும் இரு தரப்பும் சேர்ந்து படமெடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட்டால் ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். வாதாட வேண்டியதே இல்லை.

கழிவுநீர் விஷயத்தில் உங்கள் மனைகளின் அளவே ஒரு சிக்கல். செப்டிக் டேங்க்கிலிருந்து வழியும் நீரை இறக்கும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். 60 அடி அகல மனையின் அகலமே 18 மீட்டர்தான். எதிர்ச் சுவரோரம் குழி வைத்தாலும் அடுத்த வீட்டுக் கிணறு பக்கத்தில் வந்துவிடும். மணல் தண்ணீரை வேகமாக விடும். வடிகட்டக் கொடுக்கும் நேரம் குறைவு. ஆகவே கழிவுநீரைக் குழியில் விட்டுவிடலாம் என்ற யோசனை 16 வீடுகளுக்குச் சுத்தமாக ஒத்துவராது. 64 பேரிடமிருந்து நாளொன்றுக்கு வரும் கழிவுநீர் ஏறக்குறைய 6,900 லிட்டர். அதற்கேற்ற சுத்திகரிப்பு நிலையம் மனைக்குள்ளேயே வேண்டும். இல்லையென்றால் பாதாளச் சாக்கடை இணைப்பு வேண்டும்.

இணைப்பு உங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்பதை சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோவாட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். 16 வீட்டுக் குடியிருப்புக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் நிரந்தர இணைப்புத் தரக்கூடாது. உங்கள் ஆட்சேபணைகளுக்கு மிகவும் வலுவுள்ள கட்டம் அதுதான். அனுமதி வரைபடத்தில் இருந்த சுத்திகரிப்பு நிலையமும் மழைநீர் அமைப்பும் தரையில் இருக்கின்றனவா என்று அப்போது சங்கம் கடிதம் கொடுக்க வேண்டும். குடி வந்த பிறகு கொடுத்தால் காற்றில் போய்விடும். தொட்டியைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்கவே கூடாது என்பதையும் சங்கத்தின் விதியாக எழுதி வையுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு மேல், இறங்கியவர் மூச்சடைத்து இறப்பதற்கு ஓரிரு நிமிடம் போதும்.

மழைநீர் வடிகாலில் யாராவது கழிவுநீரை இணைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து பாருங்கள். மழையில்லாத மாதத்தில் வடிகாலில் ஓட்டம் இருந்தால் அது மழைநீர் அல்ல. மாநகராட்சிப் புகார் எண் 1913.

தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு மணல் கெட்டுப்போகவில்லை, மூடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மனையிலும் சுவர் முதல் சுவர் வரை டைல்ஸ். அதோடு சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். வீடுகள் பள்ளத்தில் இருக்கும். அடுத்த முறை சாலை போட வரும்போது பழைய தார் அடுக்கைச் சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று வேலை தொடங்கும் அன்று காலையிலேயே போய் நில்லுங்கள். வடிகால் கட்ட வந்தால் அடித்தளம் முழுவதையும் கான்கிரீட்டால் மூடாமல், இடையிடையே மணல் தெரியும் உறிஞ்சு குழிகள் விடச் சொல்லுங்கள். கோவளம் வடிநிலத் திட்டத்தில் இந்தப் பகுதிக்கு மூடிய வடிகால்கள் வந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலைவாசிகள் எதிர்த்ததும் இதற்காகத்தான்: மணல் குடிக்க வேண்டிய மழையைக் குழாய் வைத்துக் கடலில் கொட்டக்கூடாது என்பது நியாயமான வாதம்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். ஆனால் கடலோர மணலில் பலர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். ஆழமாகத் தோண்டுவது முதல் தப்பு. 15 அடி ஆழம், 3 அடி அகலம் உள்ள உறைகிணறு காய்ந்திருக்கும்போது சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். ஆனால் கார்த்திகையில் நீர்மட்டம் ஆறடிக்கு ஏறி வந்துவிட்டால் காலி இடம் 1,200 லிட்டர்தான். மீதி ஆழத்துக்குச் செலவழித்த பணம் வீண். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி 350 சதுர மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 17,500 லிட்டர் இறங்கும். ஆகவே மாடித் தண்ணீர் முதலில் 15,000 லிட்டர் சம்பு என்ற நிலத்தடித் தொட்டிக்குப் போகட்டும். நேரடியாகப் பயன்படுத்தும் தண்ணீர் அது. நிரம்பி வழிவது, 4 அடி அகலம் 6 அடி ஆழமுள்ள நான்கு உறைகுழிகளுக்குப் போகட்டும். ஒவ்வொன்றும் 2,000 லிட்டர் கொள்ளும். கொள்ளும்போதே மணல் குடித்துக்கொண்டும் இருக்கும்.

உறைகளின் பக்கங்களில் துளை இருக்க வேண்டும், அடியில் சிமெண்ட் பூசக்கூடாது. குழி முழுக்க ஜல்லி கொட்டுகிறார்கள். அதனால் தண்ணீருக்கான இடம் பாதிக்கும் கீழே போய்விடும். வடிகட்டல் வெளியே ஒரு சிறு தொட்டியில் நடக்கட்டும்: அடியில் ஒரு அடி 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் அரை அடி 20 மில்லிமீட்டர் ஜல்லி, நைலான் வலை, அதன் மேல் அரை அடி கரடுமுரடான மணல். புரட்டாசி பிறப்பதற்குள் மேல் இரண்டு அங்குல மணலை வழித்துவிட்டுப் புதிது போடுங்கள். முதல் மழையில் மாடியைக் கழுவி வரும் 700 லிட்டர் அளவுக்கு வெளியே விட ஒரு வால்வு வேண்டும். கார் நிற்கும் தரையில் ஓடும் தண்ணீரை இந்தக் குழிகளுக்குள் விடவே கூடாது. எண்ணெயும் டயர்த்தூளும் வரும். சம்பின் மூடி தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயர்ந்திருக்கட்டும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரையோடு தரையாக மூடி வைத்திருந்த சம்புகளில் தெருச் சாக்கடை புகுந்தது.

உப்பு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. அடுக்குமாடிகளில் வைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் ஒவ்வொரு முறை கழுவப்படும்போதும் கிலோக்கணக்கில் உப்பு கரைந்த நீரை வெளியே தள்ளும். அதைத் தோட்டத்திலோ மழைக் குழியிலோ விட்டால் உங்கள் கிணற்றுக்கு நீங்களே உப்புப் போடுகிறீர்கள். ஆர்ஓ கழிக்கும் நீரும் அப்படியே; அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம், மண்ணில் விட வேண்டாம்.

கிணற்றிலிருந்து இறைக்கும் விதமும் முக்கியம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டினால், மோட்டாருக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல ஏறி வரும். 1 எச்.பி. போதும், கால்மணி ஓட்டி ஒரு மணி ஓய்வு கொடுக்க டைமர் வையுங்கள். ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) அடியில் தொங்கவிடாமல், கோடையின் தாழ்ந்த நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். டிடிஎஸ் 2,000-ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றை மழை வரும் வரை மூடி வைத்துவிடுவது நல்லது.

இனி உங்கள் சொந்த ஜாயின்ட் வென்ச்சர். யுடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு), வீட்டுப் பங்கு, வாடகை முன்பணம் இவற்றைப் பேச வக்கீல் இருப்பார். தண்ணீர் பற்றிய வரிகளை நீங்களே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட எஃப்எஸ்ஐ முழுவதையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 16-க்குப் பதில் 9 அல்லது 10 வீடுகள் என்று உச்சவரம்பு எழுதலாம். பேஸ்மென்ட் இல்லை. மனையில் கால் பங்காவது திறந்த மணல்.

குழாய் வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். நம் ஊர் அடுக்குமாடிகளில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியே இறக்குகிறார்கள். ஒரு வீட்டுக்குள் நாலு இடத்தில் தண்ணீர் நுழைந்தால் பிறகு மீட்டர் வைக்கவே முடியாது. வீட்டுக்கு ஒரே நுழைவு, அங்கே ஒரு மீட்டர் என்று இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரிந்தாலே செலவு குறையும். கழிப்பறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் வரிசை: 135 லிட்டரில் 45 லிட்டர் அங்கேதான் போகிறது. 64 பேர் இருக்கும் கட்டடத்தில் நாளுக்கு 2,880 லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சம். குளியல், துணி துவைக்கும் நீரை மலக்கழிவோடு சேர்க்காமல் தனியாக இறக்கி, காம்பவுண்டு ஓரம் ஜல்லிப் படுகையில் கல்வாழை நட்டு அதன் வழியே விட்டால் அந்த வரிசைக்கும் தோட்டத்துக்கும் ஆகும். ஆளுக்கு அரை முதல் ஒரு சதுர மீட்டர் படுகை தேவை. தண்ணீர் மேலே தேங்கிக் கொசு வராதபடி ஜல்லிக்குக் கீழேயே ஓட வேண்டும்.

கான்கிரீட் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்க வேண்டும் என்றால், கடற்காற்றுக்கு எதிரே எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். கடல் தெறிப்புப் படும் இடங்களில் எம்35, 50 மில்லிமீட்டர். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் கிணற்று நீர் இன்றைய நிலையில் அந்த வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கட்டுமானத்துக்கு அந்தத் தண்ணீரை எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இறக்கும் லாரித் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். பத்தாவது ஆண்டிலேயே ஸ்டில்ட் தூண்களில் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் கட்டடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தவறியிருக்கும்.

போக்குவரத்துக்குச் சுருக்கமாக: தெருவில் மிகக் குறுகலான இடத்தை அளந்து, இருபுறமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி நுழையுமா என்று பாருங்கள். நுழையாது என்றால் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தம் என்ற முடிவைச் சங்கம் இப்போதே எடுக்கலாம். விருந்தினர் வண்டிக்கு ஸ்டில்ட்டுக்குள் இடம் விடச் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தில் மீனவர் குப்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாலவாக்கம் குப்பத்துக்காரர்களும் இதே மணலின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கிணறு உப்பானால் லாரி வாங்கும் வசதி அவர்களுக்குக் குறைவு. கடலை ஒட்டியிருப்பதால் உப்பு முதலில் தட்டுவதும் அவர்கள் கதவைத்தான். படகுக்கும் வலைக்கும் போகும் பாதையில் கட்டுமான மணலும் கார்களும் நிற்கக்கூடாது. கிணற்று நோட்டில் அவர்களின் இரண்டு கிணறுகளையாவது சேருங்கள். அவர்கள் பஞ்சாயத்தில் உள்ளவர்களையும் பில்டருடன் பேசும் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், பழைய மணல்மேடு எங்கே இருந்தது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல எந்த வரைபடமும் இல்லை. மணல்மேட்டைச் சமன் செய்வது சிஆர்இசட் விதிப்படி தடை என்பதால் அந்தத் தகவல் உங்களுக்கும் பயன்படும்.

கடல் பார்த்த பால்கனிகளின் விளக்கைப் பற்றியும் பில்டரிடம் பேசிவிடுங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவு நடை போய் அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நடக்கும். மாடிகள் கூடக்கூட வெளிச்சம் ஊர்ப் பக்கம் கூடுகிறது. கடல் பக்கச் சுவரில் வெள்ளை ஃபோகஸ் விளக்கு வேண்டாம். தேவைப்படும் இடத்தில் மஞ்சள் விளக்கு, மேலே மூடி வைத்து, தரையை மட்டும் பார்க்கிற மாதிரி. மொட்டைமாடி விளக்குகள் அந்த மாதங்களில் இரவு 11 மணிக்கு அணையும்படி டைமர். வயரிங் போடுவதற்கு முன்பே சொன்னால் செலவே இல்லாத வேலை இது.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்துவிடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும், நோட்டின் முதல் நான்கு வாரப் பக்கங்களோடு அனுப்புங்கள். சாக்கடையா கடலா என்று தெரிந்த பிறகு கிணற்றுக்கு என்ன செய்வது என்பதைத் தனியே எழுதுகிறேன்.